மணிக்கூடா, இலக்குப் புள்ளியா: கூடைப்பந்தாட்டத்தை எப்படி முடிப்பது?

இந்த வருடம் எங்கள் கழகத்தின் சுற்றுப்போட்டியில் ஒரு புது விதியைக் கொண்டுவந்தோம். நான்காவது கால்பகுதியில் நான்கு நிமிடத்துக்குக் குறைவாக மிச்சமிருக்கும்போது விழுகிற முதல் விசிலோடு மணிக்கூட்டை நிறுத்திவிட்டோம். அப்போது முன்னிலையில் நிற்கிற அணியின் புள்ளியோடு எட்டைக் கூட்டினால் அதுதான் இலக்கு. 55–47 என்று நின்றால் இலக்கு 63. இரண்டு அணிகளில் எது முதலில் 63ஐத் தொடுகிறதோ அது வென்றது.

இது அமெரிக்காவின் போல் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக் ஈலமின் யோசனை. 'த பாஸ்கெட்போல் டூர்னமென்ட்' என்ற பணப்பரிசுப் போட்டியில் 2017இல் பரீட்சித்துப் பார்த்து, அடுத்த வருடம் எல்லா ஆட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். முதலில் ஏழு கூட்டினார்கள், பிறகு எட்டு. கனடாவின் தொழில்முறை லீக் 2020இலிருந்து ஒன்பது கூட்டி ஆடுகிறது. 2025இல் தொடங்கிய அன்ரைவல்ட் என்ற பெண்கள் லீக்கில் நான்காவது கால்பகுதி முழுவதுமே நேரமில்லாத ஆட்டம், அங்கே பதினொன்று.

எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இந்த யோசனைக்குப் போட்டியாக வேறு இரண்டும் மேசையில் இருந்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். கழக மட்டத்துக்கு மட்டும் பொருந்துகிற கணக்கில்லை இது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யும் சர்வதேசச் சம்மேளனமான ஃபிபாவும் இருபது வருடமாக மல்லுக்கட்டுகிற அதே பிரச்சினைதான். ஆட்டத்தின் தரத்தை உயர்த்தப் பல யோசனைகள் சொல்கிறார்கள். பருவத்துக்கு 82 ஆட்டம் என்பதைக் குறை, மூன்று புள்ளிக் கோட்டைப் பின்னுக்குத் தள்ளு, இப்படி. 82ஐக் குறைத்தால் வீரர்களின் கால் மிஞ்சும், நல்லதுதான். ஆனால் என்.பி.ஏ. ஆட்டத்தை இங்கே விடிய ஆறு மணிக்குக் கைபேசியில் பார்க்கிற எவருக்கும் தெரியும், ஆட்டம் கெடுகிற இடம் எது என்று. 46 நிமிடம் பறந்தோடிய ஆட்டம் கடைசி இரண்டு நிமிடத்தில் வந்து நொண்டும். பின்தங்கிய அணி மணிக்கூட்டை நிறுத்தவென்று ஃபவுல் செய்யும், எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ (தடுப்பில்லாத எறி), பிறகு ரைம் அவுட், திரும்பவும் ஃபவுல். வேலைக்குப் போகிற பஸ் வந்துவிடும், அந்த இரண்டு நிமிடம் முடிந்திராது.

முதல் வழி, மணிக்கூட்டை வைத்துக்கொண்டு விதிகளை இறுக்குவது. என்.பி.ஏ. 2017இல் ரைம் அவுட்டுகளைப் பதினெட்டிலிருந்து பதினான்காகக் குறைத்தது. 2022–23 பருவத்தில், வேகமாகப் பந்தோடு ஓடுகிறவனை வேண்டுமென்றே பிடித்து நிறுத்தினால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் என்று ஆக்கியது. 2022இல் ஃபிபாவும் ஒன்று செய்தது: கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை வெளியிலிருந்து உள்ளே எறிய முன்னமே தடுக்கும் அணி ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோ, அதோடு பந்தும். மூன்றுமே நல்ல மாற்றங்கள். ஃபிபா ஆட்டம் இன்றைக்கு என்.பி.ஏ. ஆட்டத்தைவிடச் சுறுக்காக முடிகிறதற்கு, பத்து நிமிடக் கால்பகுதியைத் தவிர, இப்படியான இறுக்கங்களும் காரணம்.

இரண்டாவது வழி என்.பி.ஏ.யின் துணை லீக்கான ஜி லீக் 2019–20இலிருந்து ஆடுவது. இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கிற இடத்தில் ஒன்றுதான் எறிவார்கள், உள்ளே போனால் இரண்டு புள்ளி. நேரம் மிச்சம், அதில் சந்தேகமில்லை. நல்ல எறிகாரனுக்கும் சுமாரான எறிகாரனுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரே எறியில் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் இதைப் பற்றி நீட்டத் தேவையில்லை, ஏனென்றால் கடைசி இரண்டு நிமிடத்தில் இந்த விதி கிடையாது. அங்கே பழையபடி இரண்டு எறிதான்.

இந்த இடத்தில்தான் என் மனம் மாறியது. ஜி லீக்கின் ஒற்றை எறி நான்காவது கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்குப் பொருந்தாது. என்.பி.ஏ. 2022இல் கொண்டுவந்த அந்த ஓட்டம் மறிக்கிற ஃபவுலுக்கான தண்டனையும் அதே இரண்டு நிமிடத்துக்குப் பொருந்தாது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கே வந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மணிக்கூடு ஓடுகிற ஆட்டத்தில், நேரத்தை நிறுத்திப் பந்தைத் திரும்ப எடுக்கப் பின்தங்கிய அணிக்கு ஃபவுல் ஒன்றுதான் கையிலிருக்கிற ஆயுதம். அதையும் பறித்தால் ஐந்து புள்ளி முன்னிலையில் நிற்கிறவன் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பான், ஆட்டம் இரண்டு நிமிடம் முன்னமே செத்துவிடும்.

ஆகவே கேள்வி ஒன்றுதான். ஃபவுல் செய்கிறவனுக்கு அதனால் லாபம் இருக்கிறதா? மணிக்கூடு இருக்கும்வரை இருக்கிறது. என்ன தண்டனை வைத்தாலும், நேரத்தை நிறுத்துவதற்கு அது ஒரு விலை, அவ்வளவுதான்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி, மினியாபோலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. நாற்பத்தெட்டு நிமிடத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 37 புள்ளி! பந்தை வைத்துக்கொண்டு நின்றார்கள், வேறொன்றுமில்லை. பிடுங்க வேண்டுமென்றால் ஃபவுல் செய்ய வேண்டும். 1953இல் ஒரு பிளே ஆஃப் ஆட்டத்தில் பொஸ்டன் அணியின் பொப் கூசி 50 புள்ளி எடுத்தார், அதில் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. அடுத்த வருடம் சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டானி பயஸோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டமொன்றில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 120 தடவை கூடையை நோக்கி எறிகின்றன, 2,880 விநாடியை 120ஆல் பிரித்தால் 24. பந்து கைக்கு வந்து 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற அந்த விதிதான் ஆட்டத்தைக் காப்பாற்றியது. முன்னிலையில் நிற்கிறவன் ஆட மறுப்பதால் வரும் லாபத்தை அது எடுத்துவிட்டது. பின்தங்கியவன் ஃபவுல் செய்வதால் வரும் லாபம் மட்டும் மிஞ்சிவிட்டது.

நமக்குப் புரியிற உதாரணம் கரப்பந்தாட்டம். ஒரு செட்டை 25 புள்ளி எடுத்துத்தான் வெல்லலாம், மணிக்கூட்டை யாரும் பார்ப்பதில்லை. 24–17 என்று நின்றாலும் அந்தக் கடைசிப் புள்ளியை நீ எடுத்தே ஆகவேண்டும், நேரம் வந்து உன்னைக் காப்பாற்றாது. கோயில் திருவிழாக் காலத்தில் ஊர்களில் நடக்கிற கரப்பந்தாட்டத்தில் கடைசிப் புள்ளிவரை ஒருவரும் எழும்பிப் போகாததற்குக் காரணம் அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய எங்கள் அரையிறுதியைச் சொல்கிறேன். 58–53, ஒரு நிமிடமும் ஐம்பது விநாடியும் மிச்சம். பின்தங்கிய அணியின் பெஞ்சிலிருந்து "பிடி, பிடி, பிடி!" என்று ஒரே சத்தம். பிடித்தார்கள். விசில், இரண்டு எறி. திரும்பப் பிடித்தார்கள். நடுவில் மேசைக்கு முன்னால் தகராறு. எங்கள் மணிக்கூடு ஒரு மடிக்கணினி, அதை அமத்துகிறவர் கழகத்தின் மூத்த உறுப்பினர்.

"அண்ணை, பந்து உள்ளுக்கு வந்த பிறகும் மணிக்கூடு ஓடேல்லை. நாங்கள் பாத்துக்கொண்டுதான் நிண்டனாங்கள்."

"கை பட்ட உடன அமத்தினனான் தம்பி."

மூன்று விநாடிக்காக ஐந்து நிமிடம் வாக்குவாதம். வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றர் ஒரு பக்கம் டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிடமும் ஐம்பது விநாடியும் முடிய இருபது நிமிடத்துக்குக் கிட்டப் போனது. பின்தங்கிய அணி ஏழு புள்ளியால் தோற்றது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர் அதற்கு முன்னமே போய்விட்டார்கள்.

இந்த வருட அரையிறுதியில்தான் மேலே சொன்ன 55–47 வந்தது. இலக்கு 63 என்று பலகையில் எழுதித் தூக்கிப் பிடித்தோம். பின்தங்கிய அணி முழு மைதானத்திலும் ஒட்டி நின்று தடுத்தது, இரண்டு பந்தைப் பறித்தது, மெல்ல மெல்ல 61–60 வரை வந்துவிட்டது. முன்னிலை அணிக்கு இரண்டு புள்ளி போதும். பின்தங்கியவர்களுக்கு மூன்று. அப்போது அவர்களின் பயிற்றுநர் பெஞ்சிலிருந்து கத்தியதை நான் மறக்கமாட்டேன்: "கை வையாதை! காலை நகத்து, காலை நகத்து!" இரண்டு வருடத்துக்கு முதல் "பிடி" என்று கத்திய அதே மனிதர். அந்த இடத்தில் பிடித்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஆட்டமே முடிந்துவிடும். ஆகவே பொடியன்கள் கையைத் தூக்கிக்கொண்டு கால்களால் தடுத்தார்கள். நாங்கள் சிறுவயதில் படித்த தடுப்பாட்டம் அதுதான். எதிரணி எறி தவறியது. இவர்களின் மூலையிலிருந்து போன மூன்று புள்ளி எறி வளையத்தின் பின்பக்கத்தில் பட்டுத் தெறித்தது. முன்னிலை அணியின் உயரமான பொடியன் ஒருவன் அதைப் பிடித்து நீளமாக எறிய, முன்னால் ஓடியவன் லே அப் போட்டான். 63–60. எல்லாமாக ஏழு நிமிடம் சென்றிருக்கும். மேசைக்கு ஒருவரும் வரவில்லை.

இனி, நான் சாய்ந்து நிற்கிற பக்கத்தின் குறைகள். ஆட்டம் எப்போதும் கூடையில்தான் முடியும் என்பது முழு உண்மையில்லை. 2020இல் சிக்காகோவில் நடந்த என்.பி.ஏ. ஓல் ஸ்டார் ஆட்டத்தில் அந்த வருடம் இறந்துபோன வீரர் கோபி பிரயண்டின் நினைவாக அவருடைய சட்டை எண்ணான 24ஐக் கூட்டி இலக்கு வைத்தார்கள். கடைசிப் பகுதியில் நட்சத்திரங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள், அப்படியொரு தடுப்பை அந்தக் காட்சி ஆட்டத்தில் நான் கண்டதில்லை. ஆனால் முடிவு 157–155, அன்ரனி டேவிஸின் ஃப்ரீ த்ரோவில். முதல் எறியைத் தவறவிட்டு இரண்டாவதைப் போட்டார். அதோடு, விதி மட்டும் போதாது. 2023 ஓல் ஸ்டாரிலும் இலக்கு இருந்தது, ஆட்டம் 184–175 என்று சோம்பலாகத்தான் போனது. 2024இல் பழைய மணிக்கூட்டுக்குத் திரும்பினார்கள், 211–186. இந்த இரண்டையும் வைத்து எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லமாட்டேன், வெறும் காட்சி ஆட்டம் அது.

விநாடி முடிகிற சத்தத்தோடு போகிற கடைசி எறியை இழந்துவிடுவோம் என்பது பெரிய கவலை. 2019 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக டொரொன்டோ அணியின் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை குதித்து உள்ளே விழுந்ததே, 92–90, அந்த மாதிரி ஒரு கணம் இலக்கு ஆட்டத்தில் வராது. அதை நினைக்க எனக்கும் வலிக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்கிற எறி ஒன்று இருக்கும் என்பதுதான் நான் பதிலுக்கு வைக்கக்கூடியது.

மணிக்கூடு முழுவதாகப் போய்விடுவதும் இல்லை. 24 விநாடியை எண்ண ஆள் வேண்டும். எங்களுக்குப் பலகையில் பொருத்துகிற கருவி இல்லை, ஒரு பொடியன் கைபேசியை வைத்து எண்ணினான். அவன் தவறினால் தகராறு அங்கே தொடங்கும். இன்னொரு ஓட்டையும் கண்டோம். எதிரணிக்கு மூன்றே புள்ளி வேண்டியிருக்கும்போது, மூன்று புள்ளி எறியைத் தவிர்க்கவென்று முன்னமே ஃபவுல் செய்து இரண்டு எறியை மட்டும் கொடுக்கலாம். ஒரு அணி அதைச் செய்தது. ஒரேயொரு தடவைதான், ஆனால் பணம் புழங்குகிற லீக்கில் பயிற்றுநர்கள் அதை விடமாட்டார்கள். அந்த நேரத்து ஃபவுலுக்கு ஒரு எறியும் பந்தும் என்று வைத்தால் அடைபடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அனுபவம் ஒரே பருவம், பதினொரு ஆட்டம். தொலைக்காட்சி உரிமையும் பந்தயப் பணமும் உள்ள லீக்குக்கு இதை அப்படியே தூக்கி வை என்று சொல்ல அது போதாது. என்.பி.ஏ.க்கு நான் சொல்லக்கூடியது மேலதிக நேரத்திலிருந்து தொடங்கு என்பதுதான். ஜி லீக் 2022–23இல் அதைச் செய்தது, மேலதிக நேரத்தில் முதலில் ஏழு புள்ளி எடுக்கிற அணி வென்றது. ஃபிபாவின் மூவர் ஆட்டத்தில் 21 எடுத்தால் பத்து நிமிடம் முடிய முன்னமே ஆட்டம் முடியும், சமநிலையில் முடிந்தால் மேலதிக நேரத்தில் முதலில் இரண்டு எடுக்கிறவர் வெற்றி. டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகமே அதைப் பார்த்தது, ஒருவரும் முறையிடவில்லை.

எங்களுக்கு மிஞ்சியிருப்பது எண்ணைப் பற்றிய பிரச்சினை. பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஆட்டமொன்றில் 24–21இல் மணிக்கூட்டை நிறுத்தி 32 என்று இலக்கு வைத்தோம். பிள்ளைகள் அந்த எட்டை எடுக்கப் பதினான்கு நிமிடம் சென்றது, கடைசியில் ஓடவே முடியாமல் நின்றார்கள். நிமிடத்துக்கு இரண்டு புள்ளி விழுகிற பெரியவர்கள் ஆட்டத்துக்கு எட்டு சரி. சிறுவர்களுக்கு ஐந்து போதும் என்கிறேன் நான். செயலாளர் ஆறு என்கிறார், அவர்கள் மூன்று புள்ளி எறி பழக வேண்டுமாம். மாரி மழை முடிந்து தை மாதம் பயிற்சி தொடங்கும்போது இரண்டையும் ஆடிப் பார்க்கப் போகிறோம்.