"சண்டை இல்லை, கிடங்கு வேலைதான்" என்று சொன்ன ஏஜென்ட்: சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவர்கள் கவனம்

வெளிநாட்டு வேலை தேடும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நான் 6,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டி ஏமாந்தேன். உயிர் மிச்சம், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரம். ரஷ்யாவில் கிடங்குக் காவல், மாதம் 9,000 வெள்ளி, சாப்பாடு தங்குமிடம் இலவசம். கடைசி வரி, "சண்டை இல்லை". காவல் வேலைக்கு எதற்கு இந்த வரி என்று யோசித்திருக்க வேண்டும். செம்பனை ஆலையில் இரவு வேலை பார்த்து 1,900 வெள்ளி வாங்குகிறவன் கண்ணுக்கு அந்த 9,000 மட்டும்தான் தெரிந்தது.

பஸ் நிலையத்துப் பக்கம் ஒட்டுக்கடையில் ஏஜென்ட்டைச் சந்தித்தேன். நம்மாள்தான். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று விசாரித்தார், தே தாரிக்குக்கும் அவரே காசு கொடுத்தார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து இரண்டு தவணையாகக் கட்டினேன். பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி என்றால் தொழிலாளர் துறை லைசென்ஸ் இருக்க வேண்டும். இது பிறகுதான் தெரிந்தது.

ரஷ்யாவில் இறங்கியதும் நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள் என்று, புறப்படும் முன்பே ஒரு பிடிஎஃப் அனுப்பினார். முழுக்க ரஷ்ய மொழி. அக்கா மகள் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, "மாமா, இராணுவச் சேவைன்னு இருக்கு" என்றாள்.

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அதெல்லாம் ஃபார்மாலிட்டி தம்பி. விசாவுக்காக அப்படித்தான் எழுதுவாங்க. நீ பின்னால நிப்ப, முன்னால போக மாட்ட."

அன்றிரவு தேடிப் படித்தேன். இந்தியர்களையும் இதே கதை சொல்லித்தான் கூட்டிப்போய் உக்ரைன் போர்முனையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவருக்கு உதவியாளர் வேலை, இன்னொருவருக்குக் காவலர் வேலை. 2024 மார்ச்சில் இந்தியப் புலனாய்வுத் துறையான சிபிஐ பல நகரங்களில் ஏஜென்ட்டுகள் மீது சோதனை நடத்தியது. அதே ஆண்டு ஜனவரியிலேயே நேப்பாளம் ரஷ்யா, உக்ரைன் இரண்டுக்கும் வேலை அனுமதியை நிறுத்திவிட்டது. இலங்கையில் முன்னாள் சிப்பாய்களே சிக்கியிருக்கிறார்கள். "ஒரு வருஷம்தானே" என்பதும் பொய். ரஷ்ய அதிபரின் 2022 செப்டம்பர் ஆணைப்படி அந்த ஒப்பந்தம் காலம் முடிந்தாலும் தானாக நீளும்.

எதிர்ப்பக்கம் என்ன செய்வார்கள் என்றும் பார்த்தேன். ரஷ்யாவுக்கு உதவ வட கொரியப் படை வந்ததும், 2024 அக்டோபரில், உக்ரைன் தன் 'வாழ விரும்புகிறேன்' என்ற சரணடைதல் திட்டத்தில் கொரிய மொழியிலேயே வீடியோ போட்டது: வாருங்கள், சோறு, மருந்து, தங்குமிடம் உண்டு. கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், சரணடைகிறவர்களுக்கு என்று நம் காடுகளில் விமானத்திலிருந்து பாதுகாப்புச் சீட்டு போட்டதாகத் தாத்தா சொல்வாரே, அந்த மாதிரி. ஆனால் கைதூக்கும் வரை ட்ரோன் காத்திருக்குமா?

2025 ஜனவரியில் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் இரண்டு வட கொரியர்கள் பிடிபட்டார்கள். பயிற்சிக்குப் போகிறோம் என்றுதான் நினைத்தேன் என்று ஒருவர் சொன்னாராம். கையில் இருந்த ரஷ்ய அடையாள அட்டை வேறொருவர் பெயரில். அதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. என் பாஸ்போர்ட் அப்போது அந்த ஆளிடம்தான் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் போடவும் இப்படித்தான் ஆசை காட்டிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. என் தாத்தா திரும்பலயே" என்றார். சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டு ஏஜென்ட் பின்னால் பதினோரு நாள் அலைந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்றார். போலீசில் ரிப்போர்ட் செய்வேன் என்றதும் மறுநாள் காலை பாஸ்போர்ட் ஒரு பழுப்பு உறையில் எங்கள் கேட்டில் தொங்கியது. பணம் "செலவாயிடுச்சு". ரிப்போர்ட்டும் செய்துவிட்டேன், இதுவரை பதில் இல்லை.

போன வாரம் அதே குழுவில் புது நம்பரிலிருந்து சமையல் உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வந்தது. படம் வேறு, பெயர் வேறு, கடைசி வரி மட்டும் மாறவில்லை. யாராவது பேசிக்கொண்டிருந்தால் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சங்கிலியை மீட்க எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.