நாகர்கோவில் குற்றவியல் ஞாயிறு வகுப்பு: நோட்ஸைவிட 20 ரூபாய் டப்பா நன்றாகப் பாடம் நடத்தியது

தபாலில் எம்.ஏ. குற்றவியல் படிக்கிறேன். வீட்டில் தனியாகப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் தூக்கம் வருகிற ஆள் நான், அதனால் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஞாயிறு வகுப்பில் 12 வாரத்துக்கு 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். இடத்தின் பெயரைப் போடவில்லை. சார் நல்ல மனிதர், சிறைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருடைய நோட்ஸைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் வருத்தப்படுவார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு 9 மணிக்கு, தாமதமாக வந்தால் 200 ரூபாய் அபராதம் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரம் ஒருவரும் கட்டவில்லை, "அடுத்த வாரம் சேர்த்துத் தா" என்பார், அப்புறம் மறந்துபோவார். நான்காவது வாரம் 22 பேரில் பாதிப் பேர் ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்தோம். அன்றைக்குத்தான் சார் போர்டில் பெக்காரியா என்ற இத்தாலியச் சிந்தனையாளரின் பெயரை எழுதினார். "200 போட்டேன், ஒருத்தனுக்காவது பயம் வந்துதா மக்கா? ஏன் வரல?" அடுத்த வாரத்திலிருந்து அபராதம் 20 ரூபாய், ஆனால் வாசலிலேயே ஒரு டப்பா, போட்டால்தான் உள்ளே விடுவார். அந்த வாரம் ஆறு பேர் போட்டோம், அடுத்த வாரம் இரண்டு பேர்.

தண்டனை பெரிதாக இருப்பதைவிடத் தப்பாமல் கிடைப்பதும் உடனே கிடைப்பதும்தான் ஆளைத் தடுக்கும் என்பது மிலான் நகரத்து பெக்காரியா 1764-இல் ஒரு புத்தகத்தில் சொன்னது. அப்போது அவருக்கு 26 வயது, வம்பு வரும் என்று முதலில் பெயர் போடாமல்தான் புத்தகத்தை வெளியிட்டார். சித்திரவதை செய்து உண்மையை வாங்குவதைப் பற்றி அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: உடம்பு திடமான குற்றவாளி தாங்கிக்கொண்டு தப்பித்துவிடுவான், ஒரு தப்பும் செய்யாத நோஞ்சான் வலி பொறுக்காமல் ஒப்புக்கொள்வான்.

இதை வகுப்பறையில் சொன்னதோடு விடாமல் ஒரு ஞாயிறு தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போய், அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஆள் உருவத்திலேயே செய்து வைத்திருக்கிற சித்திரவதைக் கூண்டுக்கு முன்னால் நிறுத்தினார். சின்ன வயதில் பள்ளிக்கூட டூரில் பார்த்து வாயைப் பிளந்த அதே இரும்புதான், ஆனால் பெக்காரியா எதை எதிர்த்து எழுதினார் என்று அதன் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் வேண்டாம் என்ற மரண தண்டனையை இத்தாலியின் டஸ்கனி 1786-இல் நீக்கியது, அன்றைக்கு நம் ஊரெல்லாம் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் 1944-இல் நீக்கியது, இந்தியாவோடு சேர்ந்த பிறகு அது திரும்பி வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே தெரியாது. இந்த ஒரு நாளுக்காகவே கட்டிய பணத்தில் பாதி தேறிவிட்டது.

சரி, இனி குறைகள்.

தண்டனையைச் சரியாக வைத்தால் குற்றம் குறையும் என்கிற பெக்காரியா வழிக் கிளாசிக்கல் கோட்பாட்டுக்கு ஐந்து வாரம், குற்றவாளியையும் அவன் சூழ்நிலையையும் ஆராயச் சொல்கிற பாசிட்டிவிஸ்ட் கோட்பாட்டுக்கு ஒன்றரை வகுப்பு. அதிலும் ஒரு மணி நேரம் அதைத் தொடங்கிவைத்த இத்தாலிய டாக்டர் லொம்ப்ரோஸோவை வைத்துச் சிரிப்பு. பெரிய தாடை, நீண்ட கை, விரிந்த காது என்று அவர் பிறவிக் குற்றவாளிக்குச் சொன்ன அடையாளங்களை வாசித்துவிட்டு முன்வரிசைப் பையன் காதைக் காட்டி "உன்னை இத்தாலியில புடிச்சிருப்பானுவ" என்றார், எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் குற்றம் செய்தவனின் செயலை மட்டும் பார்க்காமல் அவன் யார், எதனால் செய்தான் என்று அளந்து பார்க்கக் கிளம்பிய முதல் கூட்டம் அதுதான். அளந்து பார்க்கும் வழியில் வந்ததால்தான் 1913-இல் சார்ல்ஸ் கோரிங் இங்கிலாந்தில் சுமார் 3,000 கைதிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படித் தனி முகவெட்டு ஒன்றும் இல்லை என்று காட்ட முடிந்தது. கோரிங்கின் பெயரே வகுப்பில் வரவில்லை.

நோட்ஸில் இதைவிட மோசம். லொம்ப்ரோஸோவின் தாக்கத்தால்தான் இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். சட்டம் 1871, அவருடைய புத்தகம் 1876. மகன் பிறந்து அப்பனைப் பெற்ற கதை. பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்த வெள்ளைக்காரனுக்கு எந்த இத்தாலிய டாக்டரும் தேவைப்படவில்லை என்பதுதான் அங்கே எழுதியிருக்க வேண்டியது. 1911-இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்து, கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920-இல் 16 பேர் சுடப்பட்டுச் செத்ததில் போய் நின்றது, அதற்கு நோட்ஸில் ஒரு வரிகூட இல்லை. ஐ.பி.சி.-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, இவர்கள் இன்னும் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் மனநிலை சரியில்லாதவருக்கும் தண்டனை இல்லை என்கிற பிரிவுகளை ஐ.பி.சி. 82, 84 என்றே வைத்திருக்கிறார்கள். இப்போது 20, 22. பரீட்சையில் பழைய எண்ணை எழுதினால் மார்க்கை யார் தருவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வருவார். விடியுமுன் ரப்பர் பால் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்தால் பத்துக்கு முன்னால் வரவே முடியாது. டப்பா வந்த பிறகு நாங்கள் எல்லோரும் திருந்திவிட்டோம், அவர் மட்டும் வாராவாரம் 20 ரூபாய் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாள் வெட்டு விட்டால் போகிற காசு இதைவிடப் பல மடங்கு என்று கணக்குச் சொன்னார். இன்பத்தையும் துன்பத்தையும் மனிதன் தராசில் வைத்துப் பார்க்கிறான் என்றாரே கிளாசிக்கல் பக்கத்து ஆங்கிலேயர் பெந்தாம், அதை அச்சு அசலாகச் செய்தவர் இவர்தான், ஆனாலும் தண்டனை இவரிடம் தோற்றது. "அப்போ 500 ஆக்கிரலாமா சார்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

பதில் மாவட்ட மைய நூலகத்தில்தான் கிடைத்தது. லொம்ப்ரோஸோவின் மாணவர் ஃபெர்ரி, தண்டனையைக் கூட்டுவதைவிடத் திருட்டுக்கு வழிவிடுகிற சூழ்நிலையை மாற்று, இருட்டுத் தெருவில் விளக்குப் போடு என்றவர். அண்ணனை மாற்ற முடியாது, வகுப்பு நேரத்தை மாற்றலாம். ஒன்பதாவது வாரம் சார் தானாகவே நேரத்தைப் பத்தரைக்குத் தள்ளிவைத்தார், டப்பாவுக்கு வேலை இல்லாமல் போனது. ஃபெர்ரி பெயரை அப்போதும் சொல்லவில்லை. சிறைக் கதைகள் சொல்லும்போதும் அப்படித்தான். வெளியே போனவனை வீட்டில் சேர்க்காமல், வேலையும் கிடைக்காமல் மூன்றாம் முறை உள்ளே வந்த கதையைக் கண் கலங்கச் சொல்வார், மறு நிமிடமே பாசிட்டிவிஸ்ட் எல்லாம் காலாவதி என்பார்.

மற்றபடி மேலே ஃபேன் சத்தம், கீழே புரோட்டாக் கடையின் டங் டங், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. அடுத்த பேட்சில் சேருகிறவர்கள் வகுப்புக்குப் போங்கள், நோட்ஸை மட்டும் நம்பாதீர்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்.

கடைசி வகுப்பில் சார் டப்பாவைத் திறந்தார். மொத்தம் 200 ரூபாய், அதில் 80 அருமனை அண்ணன் போட்டது. கைக்காசும் கொஞ்சம் சேர்த்து எல்லோருக்கும் ரசவடை வாங்கிவரச் சொன்னார், அண்ணனுக்கு மட்டும் இரண்டு.