'கம்ப்ளீட்' என்று வாங்கிய வால்யூமில் பதினோரு பிளேட் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பில் பாதி என்னுடையது. முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன். மகரந்தத் தாள்களை எண்ணாமல் ஒரு பூவுக்குப் பெயர் சொன்ன மாணவனை வகுப்பை விட்டே வெளியே அனுப்பியிருக்கிறேன். அதே ஆள் 62,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய புத்தகம் வாங்கினேன், பிளேட்டுகளை, அதாவது படம் அச்சிட்ட தாள்களை, எண்ணாமல்.

"கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீங்களே" என்றாள் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புத்தகம், ராபர்ட் வைட்டின் 'ஐகோன்ஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்'. தென்னிந்தியத் தாவரங்களைப் படிப்பவர்கள் சுருக்கமாக 'வைட் ஐகோன்ஸ்' என்பார்கள். வைட் ஸ்காட்லாந்துக்காரர். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக மதராஸ் வந்தார். நடுவில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் வேலையும் பார்த்தார். இந்த நூலைப் பகுதி பகுதியாக மதராஸிலேயே கல்லச்சில் அடித்து வெளியிட்டார். 1838-ல் தொடங்கி 1853-ல் முடிந்தது. ஆறு வால்யூம், 2101 பிளேட். எண்கள் வால்யூமுக்கு வால்யூம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்காமல் கடைசி வரை தொடர்ந்து ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது ஆறாவது வால்யூம் மட்டும். காரணம் கோவிந்து. வைட்டுக்குப் படம் வரைந்தவர்கள் இரண்டு பேர், முதலில் ரங்கையா, அப்புறம் கோவிந்து. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் செடிகளுக்கு ஒருவர் பெயரை ஒருவர் வைத்துக்கொள்வார்கள். கவர்னர், கவர்னர் மனைவி, கப்பல் அனுப்பியவர் என்று நீளும் அந்த வரிசையில் படம் வரைந்த நம்மூர்க்காரர் பெயருக்கு இடம் கிடைப்பது அபூர்வம். வைட் வைத்தார். ஆறாவது வால்யூமில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று பெயரிட்டார். இன்றைய வகைப்பாட்டில் அந்தப் பெயர் செல்லாது, செடி ட்ரொபிடியா என்ற பேரினத்துக்குள் போய்விட்டது. இருந்தாலும் வருடா வருடம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பிளேட்டை ஸ்கேனில்தான் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு துளியைப் போட்டு அசல் தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆன்லைனில் அரிய புத்தகம் விற்கும் ஒருவருடைய பட்டியலில் அது வந்தது. விவரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'வைட் ஐகோன்ஸ், வால்யூம் 6, மதராஸ் 1853, கம்ப்ளீட், கையால் வண்ணம் தீட்டிய பிளேட்டுகள், பழைய தோல் பைண்டிங், நல்ல நிலை.' போன் செய்தேன். நல்ல தமிழ், பதவிசான பேச்சு. வீடியோ காலில் காட்டுகிறேன் என்று அவராகவே சொன்னார். முதல் பிளேட்டைக் காட்டினார். கடைசி பிளேட்டைக் காட்டினார். மூலையில் 2101 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் உள்ளதையெல்லாம் கட்டை விரலால் சர்ரென்று சீட்டுக்கட்டு மாதிரி ஓட்டிவிட்டு, "பார்த்தீங்களா சார், ஃபுல்லா இருக்கு" என்றார். அன்று மாலையே பணம் போட்டுவிட்டேன்.

பார்சல் வந்தது. பிரித்ததும் பழைய தாளின் வாசனை. அந்த வாசனைக்கு மயங்காதவன் இந்தப் பக்கமே வரமாட்டான். நேராக கோவிந்தூயாவைத் தேடினேன். முன்னால் திருப்பினேன், பின்னால் திருப்பினேன், இல்லை. எண் ஒன்று தாண்டியிருந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அப்புறம்தான் தையலோரத்தில் விரல் பட்டது. அரை விரல் அகலத்தில் ஒரு தாள் துண்டு, மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக. பிளேடால் வெட்டி எடுத்த மிச்சம்.

இதைவிடக் கொடுமை அதற்கு முந்தைய தாளின் முதுகில் இருந்தது. இந்த பிளேட்டுகள் ஒரு பக்கம் மட்டும் அச்சானவை, முதுகு வெறுமை. 170 வருடம் மூடியே கிடந்ததில் எதிர்ப்பக்கத்து மை இந்த வெற்றுத் தாளில் லேசாக இறங்கியிருக்கிறது. நரம்போடிய இலைகள், நடுவே எழும் தண்டு, நுனியில் பூங்கொத்து, எல்லாம் இடவலம் மாறி, டீக்கறை நிறத்தில். கோவிந்தூயா போய்விட்டது, அதன் நிழல் மட்டும் எனக்கு வந்திருக்கிறது. நிழலின் வலது ஓரம் ஓர் இலைக்குப் பக்கத்தில் மூன்று துருப்புள்ளிகள், அடுப்புக்கல் மாதிரி முக்கோணமாக.

அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக நோட்டில் எழுதினேன். பதினோரு பிளேட் இல்லை. எல்லாம் ஆர்க்கிட் அல்லது பார்க்க அழகான பூ. கோரைப்புல் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

அடுத்தது வண்ணம். ஐகோன்ஸ் கறுப்பு வெள்ளையாக வெளியான நூல். அதே காலத்தில் வைட் 'இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இண்டியன் பாட்டனி' என்று இன்னொன்று போட்டார், வண்ணம் அதற்குத்தான். ஐகோன்ஸ் நிறையச் செடிகளைக் குறைந்த செலவில் காட்டுவதற்கானது, வெறும் கோட்டோவியம். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அந்தக் காலத்துச் சொந்தக்காரர் யாரோ ஆசைப்பட்டுத் தீட்டியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்ததும் குட்டு உடைந்தது. தாளில் நாள்பட வந்த பழுப்புப் புள்ளிகள் மேல் பச்சைச் சாயம் ஏறியிருக்கிறது. சாயம் பழையதாக இருந்தால் புள்ளி அதையும் மீறித் தெரியும். இங்கே புள்ளியை மூடிக்கொண்டு சாயம் உட்கார்ந்திருக்கிறது. இலைக்கெல்லாம் ஒரே கிளிப்பச்சை. உச்சகட்டம் என்னவென்றால், பிளேட்டின் அடியில் சூற்பையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் சின்னப் படங்கள் இருக்குமே, தீட்டிய புண்ணியவான் அதையும் பூ என்று நினைத்து ரோஜா நிறம் அடித்திருக்கிறார். சூல்கள் ஒவ்வொன்றும் ஜவ்வுமிட்டாய் மாதிரி இருந்தன. முதலாண்டு மாணவன் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

டைட்டில் பக்கத்தில் எனக்கு ஆரம்பத்தில் சந்தேகமே வரவில்லை. மங்கலாக, ஓரம் பழுத்து, ஒரு மூலையில் ராமபாணப் பூச்சி தின்ற மாதிரி ஓட்டையோடு இருந்தது. மருமகன் வங்கியில் இருக்கிறார், கள்ளநோட்டு பார்க்கும் சின்ன யூவி டார்ச் ஒன்று அவரிடம் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு அடித்தோம். மற்ற தாள்கள் எல்லாம் மந்தமாக மஞ்சள் பூத்து நின்றன. டைட்டில் பக்கம் மட்டும் சொட்டுநீலம் போட்ட வேட்டி மாதிரி நீல வெள்ளையில் பளீரென்றது. தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் அந்த ரசாயனம் இருபதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். 1853-ல் கிடையாது. ஸ்கேனிலிருந்து பிரிண்ட் எடுத்து டிக்காஷனில் முக்கி உலர்த்தியிருக்கிறார்கள். ஓட்டை, ஊசியால் போட்டது. பூச்சி துளைத்திருந்தால் அடுத்த தாளிலும் தடம் இருக்க வேண்டாமா?

அசல் டைட்டில் பக்கம் ஏன் போனது என்பதற்கும் ஓர் ஊகம் உண்டு. முதல் பிளேட்டின் முதுகில் ஒரு நீள்வட்டத்துக்குத் தாள் மெலிந்து, சுரண்டிய தடம் இருக்கிறது. நூலக முத்திரை வழக்கமாக விழும் இடங்களில் ஒன்று அது, இன்னொன்று டைட்டில் பக்கம். எந்த நூலகம் என்று படிக்க முடியவில்லை. முத்திரை இருப்பது குற்றமில்லை, நூலகங்கள் முறையாகக் கழித்துவிட்ட புத்தகங்கள் சந்தையில் நிறைய உண்டு, அவற்றில் கழித்ததற்கான முத்திரையும் இருக்கும். முத்திரையைச் சுரண்டிய புத்தகம்தான் வயிற்றைக் கலக்குகிறது. இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். மூன்று நாள் எடுக்கவில்லை. நாலாம் நாள், "சார், பழைய புத்தகம்னா ஒண்ணு ரெண்டு தாள் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார்.

"ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோண்ணு. கம்ப்ளீட்னு போட்டிருந்தீங்களே?"

"பைண்டிங் கம்ப்ளீட்டா இருக்குல்ல சார்."

அதற்கு மேல் என்ன பேசுவது.

இந்த 'கம்ப்ளீட்' என்ற சொல்தான் நம்மைக் கவிழ்க்கிறது. படப்புத்தகத்தில் அது ஓர் எண்ணிக்கை. இத்தனை இருக்க வேண்டும், இத்தனை இருக்கிறது, இந்த இந்த எண் இல்லை என்று விற்பவர் எழுதித் தர வேண்டும். ஒழுங்கான புத்தக வியாபாரி ஒவ்வொரு தாளையும் புரட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் விவரம் எழுதுவார். இன்ன பக்கம் ஓரம் கிழிந்து ஒட்டியது, முதுகுத்தோல் பின்னால் மாற்றியது, வண்ணம் பிற்காலத்தது என்று குறைகளைத்தான் முதலில் அடுக்குவார். குறையே சொல்லாத விவரம் என்றால் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று அர்த்தம், அல்லது நன்றாகவே பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

அதே ஆளின் பட்டியலில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலும் 'ஒரிஜினல் முதல் பதிப்பு' என்று கிடக்கிறது. முதல் பதிப்பு 1859 நவம்பரில் 1250 பிரதிகள் மட்டும் அச்சானது. அதன் 20-ஆம் பக்கம் 11-ஆவது வரியில் 'ஸ்பீஷீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்த அச்சுப்பிழை உண்டு. 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டார்கள். நண்பர் ஒருவரை விட்டு அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ கேட்கச் சொன்னேன். இன்றுவரை பதில் இல்லை. ஒரு பக்கத்தின் போட்டோ, ஒரு நிமிட வேலை.

ஆகவே வாங்குபவர்கள் வீடியோ காலை நம்பாதீர்கள். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் இந்த மாதிரி நூல்கள் பலவற்றின் முழு ஸ்கேன் இலவசமாக இருக்கிறது. அதை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு பிளேட் எண்களை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தையலோரத்தை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மிக முக்கியமாக, விவரம் தவறாக இருந்தால் இத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

கடைசியில் என் நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியதும் இறங்கி வந்தார். 10,000 திருப்பித் தருகிறேன், அல்லது புத்தகத்தையே அனுப்பிவிடுங்கள், முழுப் பணமும் தருகிறேன் என்றார். இரண்டாவது யோசனையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அனுப்பினால் என்ன ஆகும் என்று தெரியும். மிச்சமிருக்கும் தாளையும் ஒவ்வொன்றாக வெட்டி, சட்டம் போட்டு, ஹோட்டல் வரவேற்பறைக்கும் காபி ஷாப்புக்கும் விற்றுவிடுவார். புத்தகமாக விற்பதைவிட அதில் காசு அதிகம். மனைவி, "பணம் வந்தா போதாதா?" என்கிறாள். நியாயம்தான். ஆனாலும் நான் அனுப்பவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சுரண்டிய முத்திரையையும் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன், புத்தகம் யாருடையது என்று தெரிந்தால் அவர்களுக்கே போகட்டும். விசாரணை நடக்கப் போவதால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை, கேட்காதீர்கள்.

புகார் கொடுத்து இரண்டு வாரம் கழித்து அவர் பட்டியலில் புதிதாக ஒன்று வந்தது: 'பழங்கால ஆர்க்கிட் ஓவியம், சட்டமிட்டது, 9,500 ரூபாய்.' அதே கிளிப்பச்சை. இடது ஓரம் ஓர் இலைக்குப் பக்கத்தில் அடுப்புக்கல் மாதிரி மூன்று துருப்புள்ளிகள். நான் போட்டோவைச் சேமித்துக்கொண்டு போன் செய்வதற்குள் 'விற்றாகிவிட்டது' என்று மாற்றிவிட்டார்கள்.

அதை வாங்கியவர் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ள மாட்டேன். சட்டத்தைக் கழற்றி, தாளின் இடது விளிம்பை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள். என்னிடம் இருக்கும் அரை விரல் துண்டோடு வைத்துப் பார்க்க வேண்டும்.