பின்னக் கட்டைகள்: 420 ரூபாய்க்குத் தகுமா?

ஆறாவது படிக்கும் என் மகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிக்கொண்டு வந்தாள். மேலே உள்ளதைக் கூட்டி, கீழே உள்ளதையும் கூட்டிவிட்டாள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டேன். முழித்தாள். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிக்கும் முறை அவளுக்கு மனப்பாடம். 1/3 என்பது எவ்வளவு பெரியது என்பதுதான் தெரியவில்லை. எனக்கும் அந்த வயதில் தெரியாது, மதிப்பெண் மட்டும் வந்தது.

அதற்காக வாங்கியதுதான் இந்த மரக்கட்டைப் பெட்டி. ஒரு முழுக்கட்டையில் தொடங்கிப் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை 51 துண்டுகள். அரையையும் மூன்றில் ஒன்றையும் ஒட்டி வைத்து, கீழே 1/6 துண்டுகளை அடுக்கினாள். சரியாக ஐந்து பிடித்தது. "அப்போ 5/6!" என்றாள். பொதுப் பகுதி, அதாவது கீழே ஒரே எண், எதற்கு என்று அன்றுதான் புரிந்தது.

எட்டு நான்கைவிடப் பெரியது, அதனால் 1/8-உம் பெரியது என்ற குழப்பத்தைத் தீர்த்தது மட்டும் கட்டை இல்லை, என் அம்மா. "அரைக்கால்னா காலில் பாதி, அது எப்படிடி பெரிசாகும்?" என்றார். 1/8-இன் தமிழ்ப் பெயரான அரைக்காலிலேயே பதில் இருக்கிறது, பாருங்கள்.

குறைகள் உண்டு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பச்சை. ஒட்டிய எண்கள் இரண்டே மாதத்தில் உரிந்துவிட்டன. 1/7 கிடையாது. கையேடு முழுக்க ஆங்கிலம். ஐந்துக்கு மூன்றரை தரலாம்.