சரக்கு 2000 தாண்டிய பிறகு: ஆன்லைன் சேலைக் கடையின் மெனு, ஃபில்டர், தேடல்

ஆன்லைன் சேலைக் கடையின் மெனு முதல் மாதத்தில் எந்தக் குறையும் காட்டாது. 200 சேலைக்குப் பட்டு, காட்டன், புது வரவு என்று மூன்று தலைப்பே போதும். சரக்கு 2000ஐத் தாண்டியதும் 'பட்டு'க்குள் மட்டும் பல நூறு சேலை சேர்ந்துவிடும். உள்ளே போனவர் விரல் ஓயும்வரை உருட்டிவிட்டு வெளியேறுவார். அப்போது பெரும்பாலான கடைகள் மெனுவில் புதுக் கிளைகளை ஒட்டுகின்றன: கல்யாணப் பட்டு, காஞ்சிப் பட்டு, 5000 ரூபாய்க்குள் பட்டு. மூன்றிலும் வரவேண்டிய சேலையை ஏற்றியவர் ஒன்றில் மட்டும் போட்டிருப்பார். மற்ற இரண்டில் தேடுபவருக்கு அந்தச் சேலை கடையிலேயே இல்லை.

ஊர், விலை, விசேஷம் எல்லாம் ஒரே சேலையின் வெவ்வேறு முகங்கள். அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவே முடியாது. நூலகத்தில் இதே சிக்கலை அவிழ்த்தவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலின் பொருள், இடம், காலம் போன்றவற்றைத் தனித்தனியே குறித்து, பிறகு கோத்தது. இன்று கடைத் தளங்களில் இருக்கும் ஃபாசெட் (முகம்) ஃபில்டர் அந்த வழியில் வந்ததுதான்.

சேலைக்கு ஏழு முகங்கள் தேறும்: துணி, நெசவு ஊர், உடல் நிறம், கரை நிறம், ஜரிகை, நீளம், விலை. நீளத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்பது கஜம் தேடி வருபவருக்கு வேறு எந்த ஃபில்டரும் உதவாது. துணியில் 'சில்க்' என்று மொட்டையாகப் போடக்கூடாது. அசல் பட்டும் செயற்கை இழையான ஆர்ட் சில்க்கும் ஒரே பட்டியலில் கலந்தால், விலையைப் பார்த்த மாத்திரத்தில் வாங்குபவருக்குக் கடை மீதே சந்தேகம் வரும். ஜரிகையும் அப்படித்தான்: அசல், வெள்ளி குறைந்த ஹாஃப் ஃபைன், செம்புக் கம்பியில் முலாம் பூசிய டெஸ்டட் மூன்றும் தனித்தனி மதிப்புகள்.

அதிகம் சொதப்புவது நிறம். நெசவாளர் 'அரக்கு' என்பார், சரக்கு ஏற்றுபவர் 'மெரூன்' என்று அடிப்பார், அடுத்த மாதம் வருபவர் 'டார்க் ரெட்' என்பார். ஆறே மாதத்தில் நிற ஃபில்டரில் 60, 70 பெயர்கள் நிற்கும்; ஒவ்வொன்றிலும் நாலைந்து சேலைதான் இருக்கும். இதற்கு இரண்டு அடுக்கு வேண்டும். ஃபில்டரில் 12 அடிப்படை நிறங்கள், சதுர வில்லைகளாக, கீழே பெயருடன். எம்.எஸ். ப்ளூ, கத்தரிப்பூ போன்ற கடைப் பெயர்கள் சேலைப் பக்கத்திலும் தேடலிலும் இருக்கட்டும். மயில் கழுத்து நீலத்திலும் வரவேண்டும், பச்சையிலும் வரவேண்டும். ஆகவே நிறக் கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பை ஏற்க வசதி இருக்க வேண்டும். கோர்வைச் சேலையில் கரை வேறு நிறம் என்பதால், கரை நிறத்துக்குத் தனிக் கட்டம் கட்டாயம்.

ஃபில்டரின் கணக்கு எளிது. ஒரே முகத்துக்குள் 'அல்லது': சிவப்பும் பச்சையும் தொட்டால் இரண்டும் வரும். முகங்களுக்கு இடையே 'மற்றும்': சிவப்பு, காஞ்சிபுரம் தொட்டால் இரண்டும் பொருந்தியது மட்டும் வரும். ஒவ்வொரு மதிப்பின் பக்கத்திலும் எண்ணிக்கை காட்டுங்கள், பூஜ்யமானதை மங்கலாக்குங்கள். ஃபோனில் ஒவ்வொரு தொடலுக்கும் பக்கம் புதிதாக ஏறினால் வேகம் குறைந்த இணைப்பில் அது சித்திரவதை. எல்லாம் தேர்ந்த பிறகு '37 சேலைகளைக் காட்டு' என்று அடியில் ஒரு பட்டன் போதும். தொடும் இடத்துக்கு வெப் அணுகல் வழிகாட்டி (WCAG) 2.2 சொல்லும் 24 பிக்சல் குறைந்தபட்சம்தான். ஆப்பிள் 44, ஆண்ட்ராய்டு 48 என்கின்றன. 44க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

கணினியில் விரியும் மெனுவில் வேறொரு தொல்லை. துணை மெனுவை நோக்கிச் சுட்டி குறுக்காகப் போகும்போது வழியில் உள்ள அடுத்த தலைப்பைத் தொட்டுவிடும், திறந்தது மாறிப்போகும். அமேசான் இதற்குக் கையாண்ட உத்தி அருமையானது: சுட்டி நிற்கும் புள்ளியையும் துணை மெனுவின் இரு மூலைகளையும் இணைத்துக் கண்ணுக்குத் தெரியாத ஒரு முக்கோணம். அதற்குள் சுட்டி நகரும்வரை மெனு மாறாது. அவ்வளவு செய்ய முடியாதவர்கள் சொடுக்கினால் திறப்பதாக வைத்துவிடலாம். சுட்டி எவ்வளவு நேரம் நின்றால் மெனு மாறவேண்டும் என்ற தாமதக் கணக்கோடு மல்லாட வேண்டியதில்லை.

தேடல் பெட்டிக்கு ஒத்த சொல் பட்டியல் வேண்டும். சேலை, புடவை, சாரி மூன்றும் ஒன்று. காஞ்சிபுரம், காஞ்சீவரம், காஞ்சி ஒன்று. ஆங்கில எழுத்தில் புடவையைப் 'பொடவை' என்று தட்டுபவரும் உண்டு. வாரம் ஒருமுறை 'முடிவு இல்லை' என்று போன தேடல்களை எடுத்துப் பார்த்து, சரக்கு இருந்தும் கிடைக்காத சொற்களைப் பட்டியலில் சேருங்கள்.

ஃபில்டர் தேர்வு பக்கத்தின் முகவரியில் (யூ.ஆர்.எல்.) இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு சேலையைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னே வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் ஏழில் ஆறு முகத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எட்டு மதிப்பு என்றால், முகத்துக்கு ஒரு தேர்வு அல்லது எதுவுமில்லை என்ற கணக்கிலேயே 5,31,441 முகவரிகள் பிறக்கும். தேடுபொறி அதற்குள் அலைந்து, புதுச் சரக்குப் பக்கங்களுக்கு வரத் தாமதமாகும். மக்கள் உண்மையிலேயே தேடும் சில சேர்க்கைகளை மட்டும் திறந்துவிட்டு, மற்றவற்றைத் தேடுபொறி நுழையாதபடி ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) அடைக்கவும்.

கைத்தறியில் பெரும்பாலும் ஒரு வடிவத்துக்கு ஒரே ஒரு சேலைதான். அது விற்றதும் பக்கத்தை நீக்கிவிடுகிறார்கள். அதன் இணைப்போ இரண்டு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். 'விற்றுவிட்டது' என்று எழுதிப் பக்கத்தை வைத்திருங்கள். அதே உடல் நிறம், அதே கரை நிறம், 20 சதவீத விலை வித்தியாசத்துக்குள் உள்ள எட்டுச் சேலைகளைப் படத்துக்கு நேர் கீழே காட்டுங்கள்.