புள்ளி வைக்கத் தெரிந்த மை

என் வேலை மெய்ப்புப் பார்ப்பது. பதிப்பகங்கள் ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து அனுப்பும் புத்தகங்களைத் திருவல்லிக்கேணியில் வீட்டிலேயே உட்கார்ந்து திருத்திக் கொடுக்கிறேன். அதனால் ஒரு மை நல்லதா இல்லையா என்று நான் பார்க்கிற விதம் கொஞ்சம் வேறு. மினுங்குகிறதா, நிழலடிக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். ‘அந்த புத்தகம்’ என்று அச்சாகியிருக்கும் இடத்தில், இரண்டு சொல்லுக்கும் நடுவே கிடக்கிற கடுகளவு வெள்ளையில் ஒரு ‘ப்’ நுழைக்க வேண்டும். அதன் புள்ளி புள்ளியாகவே நிற்க வேண்டும். மை ஊறிப் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் டி.டி.பி. பையன் போன் செய்வான்: “அக்கா, இது ‘ப’வா, ‘இப்’பா?” கேட்டால் பிழைத்தேன். கேட்காமல் ‘அந்தப புத்தகம்’ என்று அடித்துவிட்டால் அடுத்த மெய்ப்பில் மறுபடி என் தலையில்தான் விடியும்.

நீலம்தான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. கறுப்பு, அச்சோடு கலந்துவிடும். சிவப்பில் திருத்தினால் சில எழுத்தாளர்களுக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்து முகம் சுண்டிவிடுகிறது. பால்பாயின்டை அழுத்தி எழுதினால் நாற்பதாவது பக்கத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஆக, ஃபவுன்டன் பேனா, நீல மை. பிளாட்டினம் பிக்மென்ட் புளூ கைக்கு வரும்வரை, பல வருஷமாகச் சாதாரண ராயல் புளூவில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஐப்பசிக்கு முன்னால் ஒரு நாள், திருத்தி முடித்த கட்டோடு ஆட்டோவில் போனபோது பாரதி சாலையில் முழங்கால் தண்ணீர். பையின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தாள்களைக் கொடியில் காயப்போட்டுப் பார்த்தால், அச்சு அப்படியே இருக்கிறது, என் திருத்தங்களை மட்டும் காணோம். ஓரங்களில் வெளிர் நீலமாக மேகம் மேகமாய் நின்றது. லேசர் பிரின்டரின் டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த தூள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. என் மை அப்படி இல்லை. பாட்டிலிலேயே ‘வாஷபிள்’ என்று போட்டிருந்தது, நான்தான் அதைப் பல வருஷமாக அலங்கார வார்த்தை என்று நினைத்துவிட்டேன். 48 பக்கம் மறுபடியும் உட்கார்ந்தேன்.

இந்தக் கதையைக் குடும்ப வாட்ஸ்அப்பில் புலம்பியதன் பலன், யோகோஹாமாவில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த பிளாட்டினம் பிக்மென்ட் புளூ. 60 மில்லி பாட்டில். பிளாட்டினம் 1919இல் தொடங்கிய ஜப்பானியப் பேனா கம்பெனி. இலவசமாக வந்ததால் விலையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. நம் ஊர் ராயல் புளூ பாட்டிலோடு ஒப்பிட்டால் பல மடங்கு என்பது மட்டும் தெரியும்.

சாதாரண மையில் இருப்பது சாயம். உப்பு மாதிரி தண்ணீரில் கரைந்தே போயிருக்கும். தண்ணீர் தாளின் நாரோடு எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் சாயமும் கூடவே ஓடும். எழுத்துக்கு வேர் முளைப்பது அப்படித்தான். பிக்மென்ட் மையில் இருப்பது கரையாத நிறமித் துகள், அரிசி களைந்த தண்ணீரில் மாவு நிற்பதைப் போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு பொடியாக. எழுதியதும் நீர் தாளுக்குள் போகும், துகள் பெரும்பாலும் மேலேயே நாரைப் பிடித்துக்கொண்டு தங்கிவிடும். காய்ந்த பிறகு திரும்பக் கரைவதற்கு அதில் எதுவும் இல்லை.

சரி, சோதனை. அக்கா மகன் மையோடு ஒரு பிரெப்பி பேனாவும் வாங்கி வந்திருந்தான், அதே கம்பெனி, 03 என்கிற மெல்லிய நிப். அதற்குப் பாட்டிலிலிருந்து மை உறிஞ்சும் கன்வெர்ட்டர் தனியாக வாங்கினால் பேனாவைவிட விலை அதிகம். காலி கார்ட்ரிட்ஜில் மெடிக்கல் ஷாப் சிரிஞ்சால் மையை ஏற்றிக்கொண்டேன். பதிப்பகம் அனுப்புவது 70 ஜி.எஸ்.எம். தாள், ஆண்டர்சன் தெருவில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிற வகை. அதில் நான் எப்போதும் எழுதிப் பார்ப்பது ‘இஞ்சிக்குழம்பு, ஐயனார், ணை, ஞூ, ஃ’. சுழி அடைபடுகிற மையை ‘ஞூ’ காட்டிக்கொடுத்துவிடும். ‘ஃ’இன் மூன்று புள்ளிகளும் கைகோத்துக்கொண்டால் அந்த மை எனக்கு வேண்டாம். இதில் மூன்றும் தனித்தனியாக, ஊசியால் குத்தி வைத்த மாதிரி நின்றன. பக்கத்திலேயே என் பழைய ராயல் புளூவை அதே அளவு நிப்பில் எழுதிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதன் புள்ளிக்குச் சுற்றிலும் பூனை முடி மாதிரி இழை. பிக்மென்ட் புளூவின் புள்ளிக்கு விளிம்பு சுத்தம். ஆறு பாயின்ட் அளவுப் பொடி எழுத்தில் அச்சான அடிக்குறிப்பில்கூட ஒரு ‘ச்’ நுழைத்துப் பார்த்தேன், படிக்க முடிந்தது. அன்றைக்கே பழைய பேனாவைக் கழுவி எடுத்துவைத்துவிட்டேன்.

தண்ணீர்ச் சோதனையில் சொல்ல அதிகமில்லை. ஒரு பக்கம் எழுதிப் பத்து நிமிஷம் காயவிட்டு, ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் டப்பில் ஊறப்போட்டேன். காலையில் தாள் கூழாகும் பதத்தில் இருந்தது, எழுத்து இருந்தது.

சென்னைக்கு அதைவிடப் பெரிய சோதனை வியர்வை. மழை வருஷத்தில் இரண்டு மாதம்தான், வியர்வைக்கு விடுமுறை கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போன ஒரு மத்தியானம், வேண்டுமென்றே உட்கார்ந்து எட்டுப் பக்கம் திருத்தினேன். உள்ளங்கையின் விளிம்பு தாளில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. ராயல் புளூவாக இருந்தால் சுண்டு விரலுக்குக் கீழே நீலம் ஏறி, அது அடுத்த வரியில் முத்திரை குத்தியிருக்கும். இதில் கை சுத்தம். ஆனால் எழுதிய உடனே தொட்டால் இழுக்கத்தான் செய்கிறது, நாலைந்து விநாடி கொடுக்க வேண்டும். வழவழப்பான அட்டைத் தாளில் இன்னும் நேரமாகிறது. அட்டைப்பட மெய்ப்புக்கு இந்த மையை நான் எடுப்பதில்லை.

வெயிலுக்கு: இரண்டு மையாலும் கோடு போட்ட ஒரு துண்டுத்தாளைப் பாதி மறைத்து, மேற்கு ஜன்னல் கம்பியில் ஐந்து வாரம் கட்டி வைத்தேன். ராயல் புளூ சாம்பலாகிவிட்டது. பிக்மென்ட் புளூவில் மறைத்த பாதிக்கும் மறைக்காத பாதிக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடி போட்டும் பார்த்தேன்.

நிறம் என்று பார்த்தால் சுமார்தான். ராயல் புளூவில் ஒரு சங்குப்பூச் சாயல் இருக்கும், லேசாக ஊதாவுக்குச் சாயும். அந்த அழகு இதில் இல்லை. ஆவின் நீலப் பாக்கெட்டைவிட அடர்த்தி, நாலு தடவை துவைத்த ஜீன்ஸ் பேன்ட் மாதிரி ஒரு தட்டை நீலம். எழுத்தின் ஒரு முனை வெளிறி மறு முனை அடர்கிற விளையாட்டும் கிடையாது. காதல் கடிதத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்பு அச்சிலிருந்து சட்டென்று பிரிந்து தெரிகிறது, எனக்கு அது போதும். ‘தண்ணீருக்கு நிற்க வேண்டுமென்றால் புளூ பிளாக் போடேன்’ என்று ஒரு தோழி சொன்னாள். அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் கடுக்காயையும் போட்டுக் காய்ச்சிய பழைய மைகளின் வழியில் வருகிற இரும்பு மை வகை அது. எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப் பட்டுக் கறுத்துப் போகும். ஆவணத்துக்கு அது அருமை, மெய்ப்புக்கு ஆகாது. கறுத்துவிட்டால் அச்சு எது, என் கை எது?

இந்த மையில் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு, அதை நான் கவனிக்கவில்லை. ஆசையில் என் பழைய எபொனைட் பேனாவிலும் இதை ஊற்றிவிட்டு, ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டேன். காய்ந்த பிறகு கரையாது என்பது தாளுக்கு வரம், நிப்புக்கு அது பொருந்தாது. திரும்பி வந்தபோது பேனா எழுதவில்லை. எங்கள் போர் தண்ணீரின் உப்பு பேனாவுக்கு வேண்டாமென்று, இன்வெர்ட்டர் பேட்டரிக்காக வாங்கி வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு நாள் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து மீட்டேன். பிரெப்பியில் இந்தத் தொல்லை வரவில்லை. அதன் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த இன்னொரு உள்மூடி இருக்கிறது, மூடி வைத்தால் ஒரு வருஷம் மை காயாது என்கிறார்கள். நான் ஒரு வருஷமெல்லாம் பார்க்கவில்லை, அதே மூன்று வாரத்துக்குப் பிறகு எடுத்த எடுப்பில் எழுதியது. தினமும் எழுதுகிறவர்கள் பயப்பட வேண்டாம். தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை பேனாவை எடுக்கிறவர்கள் ராயல் புளூவோடேயே இருப்பது நல்லது. நானும் பால் கணக்கு, மளிகைச் சீட்டு எல்லாம் இன்னும் அதில்தான்.

பாட்டில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. சிரிஞ்சில் ஏற்றும்போது ஒரு சொட்டு என் மதுரைச் சுங்குடிச் சேலையில் விழுந்தது. உடனே சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், அதற்குப் பிறகு ஏழு சலவையும் ஆகிவிட்டது. போகவில்லை. சுங்குடி என்பதால் புள்ளியோடு புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது, சொன்னால்தான் தெரியும்.