வீட்டில் பிரஷர் பார்க்க: கைப்பட்டையா, மணிக்கட்டுக் கருவியா?

மேல்கையில் பட்டை சுற்றும் கருவியையே வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி சிறியது, பையில் அடங்கும், சட்டைக் கையை மடிக்க வேண்டாம். ஆனால் அளக்கும்போது மணிக்கட்டு இதயத்தின் மட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்தாலே அளவு 7, 8 புள்ளி கூடிவிடும். மடியில் கை வைத்துப் பார்ப்பவர்களுக்கு நடப்பது இதுதான். இல்லாத பிரஷருக்கு மாத்திரை கூடுவது எவ்வளவு வேதனை!

கைப்பட்டையிலும் தவறு வரும், பெரும்பாலும் பட்டையின் அளவால். மேல்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வழக்கமான பட்டை ஏறத்தாழ 22 முதல் 32 செ.மீ. வரைதான். பருத்த கையில் அதைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையைத் தனியாகக் கேளுங்கள். அதுவும் பொருந்தாத அளவுக்குக் கை பருத்திருந்தால் மட்டும் மணிக்கட்டுக் கருவி சரி.

எதுவானாலும் காபி குடித்து அரை மணி கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, வெறும் தோலில். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்துக் குறியுங்கள். ஒரு வாரச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போங்கள்.